லாபம், ரெண்டு, மூணு

சாந்தோம் மர்சலின் டீச்சருக்கு ஒன்று என்ற எண் தெரியாது என்பதைச் சர்க்கார் கண்டுபிடித்தது 1946-ம் வருஷம் பிப்ரவரி மாதம். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்த பெண்களில் இரண்டு பேர் காலேஜில் கணக்கையே எடுத்துப் படித்தார்கள். ஒன்று தெரியாமல் இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டால், பாவம், அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

கண்டுபிடித்த பெருமை கைக்கணக்குத் தேர்வுக் கழகத்தைச் சேரும். தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு நாலு தெரு தள்ளி ஒரு பங்களாவில் அந்தக் கழகம் குடியிருந்தது. அதன் தலைவர் ராவ் பகதூர் ஸ்ரீனிவாசராகவன். சண்டைக்கு முன்னால் மூன்று மாதம் சீமையில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் களிமண்ணை உருட்டி உருட்டிக் கணக்குப் போட்டதைக் கண்ணால் பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்தது அவருக்குக் கைப்பித்து. தன் கைமேல் இல்லை, ஊரார் கைமேல். அவருக்குத் தலைப்பாகை கட்டிவிட ஓர் ஆள், பேனாவில் மை ஊற்ற ஓர் ஆள், வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவ அவர் சம்சாரம் கோமளம். மனுஷர் கையைத் தூக்கினால் அது மேடையில் பேசுவதற்காக மட்டும்தான்.

"நம்ம வாத்தியார்களுக்குக் கணக்கு மூளையில இருக்கு," என்று அவர் கழகத்தின் திறப்பு விழாவில் பேசினார். "மூளையில இருந்து என்ன பிரயோஜனம்? அது கைக்கு எறங்கி வரணும். தானா வராட்டா நாங்க எறக்கிவிடறோம்." கூட்டம் கை தட்டியது. அன்று அங்கே நடந்த ஒரே கைக்காரியம் அதுதான்.

இறக்கிவிடுவதற்குச் சர்க்கார் உத்தரவும் வந்துவிட்டது. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவரும் மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கைக்கணக்குத் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம். அவ்வளவுதான் உத்தரவு.

மர்சலின் அதை இரண்டு தடவை படித்தாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புருஷன் லியோனார்டுக்குத் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை இருந்தது உண்மைதான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது லியோனார்டும் திண்டிவனத்துக்கு ஓடினான். ஜப்பான்காரன் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அவன் நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து லியோனார்ட் கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். பாட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து உலை பொங்காதே!

தேர்வுக்கான கடிதம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் அரிசி ஒரு படி கொண்டுவருதல் வேண்டும். பச்சரிசியாக இருத்தல் நலம்."

"இன்னா அநியாயம் மர்சி!" என்று லியோனார்ட் துள்ளினான். "ரேஷன் அரிசில ஒரு படி போச்சுன்னா பாதி வாரம் பட்டினிதான்."

"அளந்து காட்டிட்டுத் திரும்பி எடுத்தாந்துடுவேன்," என்றாள் அவள். அப்படித்தான் நினைத்தாள். புழுங்கலரிசியைப் பக்கத்து வீட்டு வெரோனிகாவிடம் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடிப் பச்சரிசியாக மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், நாற்பத்து மூன்று பைகளோடு. தேர்வுக் கழகமா மளிகைக்கடையா என்று தெரியாத ஒருத்தி வாசலில் நின்று துவரம்பருப்பு என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனாள். உள்ளே மேஜைக்குப் பின்னால் ராவ் பகதூர். பக்கத்தில் பெரிய புத்தகத்தை விரித்துக்கொண்டு கழகத்தின் காரியதரிசி ராஜநாயகம். அவரைப் பார்த்ததும் மர்சலினுக்கு உயிர் வந்தது. சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிறவர், நம்ம கோயில் மனுஷர், கைவிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜநாயகமும் அவளைப் பார்த்தார். நம்ம கோயில் பொம்பளை, சலுகை காட்டினேன் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று அந்தக் கணமே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

முதல் சோதனை முழம். கையால் ஒரு முழம் கயிறு அளந்து காட்டச் சொன்னார்கள். அவள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து காட்டினாள். ராஜநாயகம் அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"முழத்துக்குப் பதினெட்டு அங்குலம். இது பதினாறரை. ஒன்றரை அங்குலம் பிழை."

"சார், என் கையே அவ்வளவுதான் சார்."

"அதை விண்ணப்பம் போடறதுக்கு முன்னாலயே கவனிச்சிருக்கணும்," என்று சொல்லிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவளுக்கு முன்னால் போன நெட்டையான வாத்தியாருக்கு இரண்டு அங்குலம் கூடுதலாம், அவருக்கும் பிழை.

அடுத்தது அரிசி. ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு என்று கையால் அளந்து, வாயால் எண்ணிக் காட்ட வேண்டும். இது என்ன பிரமாதம்! தினம் விடிந்தால் செய்கிற வேலை. மர்சலின் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஆழாக்கை அரிசியில் அமுக்கி, விரலால் தலை தட்டி, பாத்திரத்தில் சாய்த்தாள்.

"லாபம்," என்றாள். "ரெண்டு... மூணு... நாலு..." படி சரியாகத் தீர்ந்ததும் எட்டு என்று சொல்லி நிறுத்தினாள். ஒரு மணி சிந்தவில்லை.

பட்டணத்தில் அரிசி அளக்கிறவர்கள் யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் கடையானாலும் சரி, ஊரூர்க் குப்பத்து வீடானாலும் சரி, முதல் அளவு லாபம்தான். அதற்கப்புறம் ரெண்டு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கையில் ஆழாக்கைக் கொடுத்தால் வாயில் லாபம் வந்துவிடும்.

ராவ் பகதூர் நிமிர்ந்து பார்த்தார். ராஜநாயகமும் பார்த்தார். அவர் பேனா கரகரவென்று ஓடியது.

மர்சலின் அரிசியைத் திரும்பப் பையில் வாரப் போனாள். பியூன் மெஹபூப் அலி வந்து பையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடும்மா, இது இங்கியே இருக்கணும்."

"என் அரிசிப்பா இது!"

"அரிசி இல்லம்மா, விடைத்தாள்," என்றார் ராஜநாயகம் தலை நிமிராமல். "விடைத்தாளைத் திருப்பித் தர்ற வழக்கம் எந்தத் தேர்விலயும் கிடையாது."

"விடைத்தாளையெல்லாம் நான் ஆத்துல வெச்சுத்தான் திருத்தறது," என்றார் ராவ் பகதூர். அன்று சாயங்காலம் நாற்பத்து மூன்று படி விடைத்தாள் இரட்டை மாட்டு வண்டியில் ஏறி மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாம் நல்ல பச்சரிசி.

பத்து நாளில் முடிவு வந்தது. மர்சலின் தோல்வி. காரணம் என்ற இடத்தில் மூன்று வரி இருந்தது. "முழத்தில் ஒன்றரை அங்குலம் குறைவு. விடைத்தாளில் கல் ஏழு. விண்ணப்பதாரருக்கு ஒன்று என்னும் எண் தெரியவில்லை; இரண்டிலிருந்துதான் தெரிகிறது."

கல்லை எண்ணியது கோமளம் அம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தம்மாளுக்கு முறத்தில் போட்டுத்தான் திருத்த வரும்.

நாற்பத்து மூன்று பேரில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பிறந்ததிலிருந்து ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிற பிரம்மச்சாரி. இன்னொருத்தி ராவ் பகதூரின் தங்கை பெண் ஜெயலக்ஷ்மி. அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆழாக்கைக் கையில் பிடித்தாள். எப்படிப் பிடிப்பது என்று மெஹபூப் அலிதான் காட்டிக்கொடுத்தான். பாதி அரிசியைத் தரையில் கொட்டிக்கொண்டே "ஒன்று, இரண்டு" என்று புத்தகத்தில் இருக்கிறபடி தெளிவாகச் சொன்னாளாம். நூற்றுக்கு நூறு. அரிசி அளந்து பழகிய ஒருத்தர்கூடத் தேறவில்லை.

ராவ் பகதூர் இதைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்தால் அது நம் தப்பு. அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டணத்துல நாப்பத்தோரு கணக்கு வாத்தியாருக்கு ஒண்ணு தெரியலை! இந்தத் தேர்வு இல்லேன்னா இது வெளியில வந்திருக்குமோ? தோத்தவா எத்தனைக்கெத்தனை அதிகமோ, அத்தனைக்கத்தனை தேர்வுக்கு வெற்றி!"

மற்ற நாற்பது பேரும் தலையெழுத்து என்று வாயை மூடிக்கொண்டார்கள். மர்சலினால் முடியவில்லை. மார்ச் முப்பத்தொன்று கிட்டே வந்துகொண்டிருந்தது. மறு விசாரணை வேண்டும் என்று மனுப் போட்டாள். மார்ச் நாலாம் தேதி வரச் சொன்னார்கள்.

வாசலில் மெஹபூப் அலி அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். "நம்ம ஊட்லயும் லாபம்தாம்மா. என் பொஞ்சாதி ஹாஜிரா பீ அப்படித்தான் ஆரம்பிப்பா. நான் பியூனாப் போனேன், தப்பிச்சுக்கினேன்," என்றான்.

"அதை உள்ளே வந்து சொல்லேம்பா."

"ஐயே! எனக்குப் பிள்ளைகுட்டி கீதும்மா," என்று சொல்லிவிட்டு அவன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே ராவ் பகதூர் மிகுந்த பொறுமையோடு ஆரம்பித்தார். "லாபம்னா என்னம்மா?"

"ஒண்ணுதாங்க சார்."

"ஒண்ணுன்னா ஒண்ணுன்னு சொல்றதுக்கென்ன?"

"அரிசி அளக்கையில முதல் அளவை அப்படித்தாங்க சார் சொல்வாங்க. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரு இது. ஊர்ல எல்லாருமே அப்படித்தாங்க. ராஜநாயகம் சார் வீட்டுலகூட அப்படித்தான் சொல்வாங்க, கேட்டுப் பாருங்க."

ராஜநாயகத்துக்குச் சுருக்கென்றது. கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவரை இந்த வழக்கில் இழுத்துவிட்டாளே! அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"லாபம் என்பது பாடப்புத்தகத்துல அஞ்சாவது பாடம்," என்றார். "லாபம் கண்டுபிடிக்கணும்னா வாங்கின விலை வேணும், வித்த விலை வேணும். நீங்க எதை வாங்கினீங்க?"

"எதையும் வாங்கலீங்க."

"எதை வித்தீங்க?"

"இல்லீங்களே!"

"அப்புறம் லாபம் எங்கேருந்து வந்தது?"

எட்டாம் வகுப்புக்கு லாப நஷ்டக் கணக்கை மர்சலின்தான் சொல்லிக்கொடுக்கிறாள். இப்படி ஒரு கணக்கை அவள் பார்த்ததில்லை.

"ஊருக்கே தெரியும்னு சொல்றேளே," என்று ராவ் பகதூர் மேஜையைத் தட்டினார். "ஊருக்கு முன்னூறு தப்புத் தெரியும். அதுக்காகக் கழகம் அத்தனையையும் ஒத்துக்கணுமா? நீங்க ஏன் ரெண்டுலேர்ந்து ஆரம்பிச்சேள்? நேரா பதில் சொல்லுங்கோ. ஏன்? யார் சொல்லிக் குடுத்தா? என்ன உத்தேசம்?"

மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அவளுக்கு அழுகை முட்டியது. நீங்களும் நானும் அந்த இடத்தில் என்ன சொல்வோமோ அதைத்தான் அவளும் சொன்னாள்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்!"

ராவ் பகதூர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ராஜநாயகம் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தமக்கு ஒன்று தெரியாது என்று விண்ணப்பதாரர் தாமே ஒப்புக்கொண்டார்."

"சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லலை சார்!"

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். 'ஒண்ணும்'ல இருக்கற உம்மை ஒண்ணைத்தான் எடுத்தேன். கையெழுத்துப் போடுங்க."

"போட்டுடும்மா," என்றார் ராவ் பகதூர் கனிவாக. "ஒத்துண்டவாளை நாங்க கைவிடறதில்லை. அடுத்த வாரமே உனக்குன்னு தனித் தேர்வு வெக்கறோம். ஒண்ணு மட்டும்தான் கேப்போம். ஒரு படி அரிசி கொண்டு வந்துடு."

தேறினால்தான் வேலை, கையெழுத்துப் போட்டால்தான் தனித் தேர்வு. போட்டாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

அந்த ஒரு வாரமும் வீட்டில் ஒரே ஒத்திகை. லியோனார்ட் சட்டியில் மணலைக் கொட்டிவைத்து, "ம், சொல்லு, ஒண்ணு" என்பான். அவள் ஆழாக்கை எடுப்பாள். கை சாயும்போது வாய் தானாக லாபம் என்று சொல்லிவிடும். லியோனார்ட் தலையில் அடித்துக்கொள்வான். நாலாம் நாள் அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அளந்தாள். ஆறாம் நாள் லாபம் வரவில்லை. அன்று ராத்திரி அவர்கள் கஞ்சிதான் குடித்தார்கள், தேர்வுக்கு ஒரு படி சேர்க்க வேண்டுமே. ஆனாலும் சந்தோஷமாகத்தான் குடித்தார்கள்.

பதினோராம் தேதி அவள் ராவ் பகதூருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரிசியை மூன்று தடவை புடைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆழாக்கை அமுக்கி, தலை தட்டி, சாய்த்தாள்.

"ஒண்ணு," என்றாள். கணீரென்று. "ரெண்டு, மூணு..." எட்டுவரை பிசகாமல் சொல்லி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிழைத்தோம் என்றுதான் நினைத்தாள், பாவி மகள்.

ராவ் பகதூர் ராஜநாயகத்தைப் பார்த்தார். ராஜநாயகம் பழைய பக்கத்தைத் திருப்பினார்.

"நாலாம் தேதி ஒன்று தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பதினோராம் தேதி தெரியுது. நடுவுல ஏழு நாள். யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லிக்கொடுக்கலீங்க. எனக்கு முன்னாலயே தெரியுங்க!"

"அப்போ நாலாம் தேதி எழுதிக் கொடுத்தது பொய்."

"இல்லீங்க சார்... என் வீட்டுக்காரர் கூட உட்கார்ந்து பழகினேங்க."

"கழகத்தின் அனுமதி இல்லாம ஒன்று கற்பிச்சிருக்கார்," என்று ராஜநாயகம் எழுதிக்கொண்டார். "அவருக்கு வேலை ஏதும் உண்டா? இல்லையா? அதுவும் நல்லதுதான், பறிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

ராவ் பகதூர் எழுந்து நின்றார். முன்னால் இருந்தது ஒருத்தி என்பதை மறந்து சபைக்குப் பேசுகிற குரலில் பேசினார். "இதோ பாரும்மா. ரெண்டே வழிதான். அன்னிக்குத் தெரியலை, இன்னிக்குத் தெரியறதுன்னா அது திருட்டுப் படிப்பு. செல்லாது. அன்னிக்கே தெரியும்னா கழகத்தை ஏமாத்தினதாகும். ஆயுசுக்கும் பள்ளிக்கூட வாசப்படி மிதிக்கப்படாது. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. கழகம் அவ்வளவு நியாயமா நடக்கறது!"

"சார், நான் அளந்தது சரியா தப்பா? அதை மட்டும் சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

"அளவா?" என்று ராவ் பகதூர் ஆச்சரியப்பட்டார். "அளவுல என்ன தப்பு? ரெண்டு தடவையும் அளவு சரிதான். அதை யார் கேட்டா?"

அவள் திருட்டுப் படிப்பு என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். மெஹபூப் அலி பையை எடுத்துக்கொண்டு போனான். ஏப்ரல் முதல் தேதி அவளுடைய வகுப்பில் ஜெயலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

மே மாதம் மெஹபூப் அலி சாந்தோமுக்கு வந்தான். "ராவ் பகதூர் ஊட்ல கூப்புடறாங்கம்மா. இந்தத் தபா எரநூறு பேரு எழுதிக்கீறாங்க. கொட்டாய் பூரா அரிசி. அளந்து மூட்டை கட்டணுமாம். நீ சுத்தமா அளப்பேன்னு ஐயாதான் சொன்னாரு. வாரத்துக்கு ஒரு படி தருவாங்க."

லியோனார்ட் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் அரிசி இல்லை. மர்சலின் போனாள்.

கோமளம் அம்மாள் அவளைக் கொல்லைப் பக்கமாக வரச் சொன்னாள். "உள்ள வராதேடிம்மா. அரிசிக்கு ஒண்ணும் தோஷமில்லை, கொட்டகையிலேயே உக்காந்து அள," என்றாள். கொட்டகையில் இடுப்பு உயரத்துக்கு விடைத்தாள் குவிந்து கிடந்தது. பின்கட்டில் ராவ் பகதூர் ஊஞ்சலில் உட்கார்ந்து அடுத்த பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எழுதியது ஓர் ஆள்.

மர்சலின் ஆழாக்கை அமுக்கினாள். தலை தட்டிச் சாக்கில் சாய்த்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

"ஐயையோ!" கோமளம் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "நாசமாப் போச்சு! வெள்ளிக்கிழமையும் அதுவுமா நிறைஞ்ச ஆத்துல ஒண்ணுங்கறாளே! அதைத் திருப்பிக் கொட்டு முதல்ல! லாபம்னு சொல்லு! பதினோரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தியாமே, இதுகூடவா தெரியாது?"

மர்சலின் ஆழாக்கோடு திரும்பி ராவ் பகதூரைப் பார்த்தாள். ஊஞ்சல் நின்றது.

"என்னை என்ன பாக்கறே?" என்றார் அவர். "அவ சொல்றது சரிதானே? எங்கம்மா காலத்துலேர்ந்து இந்த ஆத்துல லாபம்தான். எனக்குத் தெரியாதா என்ன? அது தேர்வு, இது சாப்பாடு. ஒழுங்காச் சொல்லு."

மர்சலின் அரிசியைத் திரும்பக் குவியலில் கொட்டினாள். மறுபடியும் அமுக்கி எடுத்தாள். வாயைத் திறந்தாள். அந்த ஒரு வாரம் உதட்டைக் கடித்துக் கடித்துத் துரத்திய வார்த்தை வர மாட்டேன் என்றது.

"சொல்லேன்!" என்று கோமளம் அம்மாள் அதட்டினாள்.

அவள் கையில் அரிசி காத்துக்கொண்டிருந்தது. ராவ் பகதூர் எழுதுகிற ஆளைப் பார்த்து, "பாத்தேளா? ஒண்ணு தெரியறது, லாபம் மறந்துடுத்து. கைக்கணக்குல ரெண்டாவது தேர்வு ஒண்ணு அவசியம்னு எழுதிக்கோங்கோ," என்றார்.